உள்ளங்காலில் எது வேலை செய்கிறது?

பிரிட்டனின் புற்றுநோய் ஆதரவு மையங்களில், பாதத்தை அழுத்திச் செய்யும் ரிஃப்ளெக்ஸாலஜி பழகிப்போன ஒரு சேவை. அங்கே ஓர் அமர்வு பேச்சில்தான் தொடங்கும். வந்தவர் காலுறையைக் கழற்றும் முன்பே சிகிச்சையாளர் கேட்க ஆரம்பித்துவிடுவார்: இப்போது என்ன மருந்து ஓடுகிறது, கடைசியாகக் கீமோ ஏற்றியது எப்போது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னாரா, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ உண்டா, விரல்கள் மரத்துப்போகின்றனவா, இரவில் தூக்கம் வருகிறதா. பதில்களைக் குறித்துக்கொண்ட பிறகுதான் சாய்வு நாற்காலி. முதலில் கண்ணால் பார்ப்பார்: வெடிப்பு, ஆணி, விரலிடுக்கில் சேற்றுப்புண், தோலின் நிறம். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் பாதத்தைப் பிடித்தபடி சற்று நேரம் சும்மா இருப்பார். பாதம் சில்லிட்டிருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்துவிடும். கணுக்காலை மெல்லச் சுழற்றித் தளர்த்துவார். கட்டைவிரல் அதன் பிறகுதான் வேலைக்கு வரும். கணுவை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்புழு நகர்வதுபோலக் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி அது ஊரும். ஓரிடத்தில் நோயாளியின் முகம் சுருங்கினால் அழுத்தம் உடனே குறையும். கீமோவில் களைத்துப்போய் வந்தவருக்கு அழுத்தம் என்பதே கிட்டத்தட்ட இருக்காது. தொட்டுப் பிடிப்பதோடு சரி.

ஒரே நோயோடு இருவர் அடுத்தடுத்து வந்தாலும் இருவருக்கும் ஒரே மாதிரி அமர்வு கிடைப்பதில்லை. ஆளைப் பார்த்து, அவருடைய அன்றைய உடம்பைப் பார்த்து, அழுத்தமும் நேரமும் வேகமும் மாறுகின்றன. இதுதான் தங்கள் முறையின் பெருமை என்று அதைச் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். சரியாகவே சொல்கிறார்கள் என்பது என் முடிவு. ஆனால் அந்தத் துறை தன்னை விளக்கிக்கொள்ள வைத்திருக்கும் வண்ணப்படம் ஒன்று உண்டு. பெருவிரலில் தலை, விரல்களுக்குக் கீழே நுரையீரல், வலது நடுப்பாதத்தில் கல்லீரல், குதிகாலில் இடுப்பு என்று முழு உடம்பையும் இரண்டு உள்ளங்கால்களில் அடக்கிய படம். கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் அந்தப் படம் தேறவில்லை. அந்தக் கவனிப்பு தேறுகிறது. இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புவதால்தான், ஒரு பக்கம் கால் விரலை அழுத்திச் சிறுநீரகத்தைச் சரிசெய்யலாம் என்ற வீண் நம்பிக்கையும், மறுபக்கம் எல்லாமே ஏமாற்று என்ற அவசரத் தீர்ப்பும் நிலைத்திருக்கின்றன.

இந்த முறைக்கு வயது ஐயாயிரம் ஆண்டு என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அதற்குக் காட்டப்படும் சான்று எகிப்தில் சக்காராவில் இருக்கும் அங்க்மஹோர் என்ற அமைச்சரின் கல்லறை. கி.மு. 2300ஐ ஒட்டிய அந்தச் சுவர்ச் சிற்பத்தில் சிலர் வேறு சிலரின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நகம் திருத்துகிறார்களா, புண்ணுக்கு மருந்திடுகிறார்களா, பிடித்துவிடுகிறார்களா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எதுவாக இருந்தாலும், உறுப்புகளைப் பாதத்தில் குறித்த வரைபடம் அங்கே இல்லை. காலைப் பிடித்துவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பதற்குத் தனி இடமுண்டு. சித்த மரபின் வர்மப் புள்ளிகள் காலிலும் இருக்கின்றன. சீன மருத்துவத்துக்கு அதன் சொந்தக் கணக்கு உண்டு. ரிஃப்ளெக்ஸாலஜி இவற்றில் எதற்கும் வாரிசு இல்லை. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது அது. யார் தொடங்கினார்கள், யார் வளர்த்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் (1872–1942). உடம்பில் ஓரிடத்தை அழுத்தினால் தொலைவில் இன்னோரிடத்தில் வலி மட்டுப்படுவதாக அவர் கண்டார். உச்சந்தலையிலிருந்து கால் விரல்வரை உடம்பை நெடுக்குவாக்கில் 10 மண்டலங்களாகப் பிரித்தார். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் 5, மறுபக்கம் 5. ஒரு மண்டலத்தில் எங்கே அழுத்தினாலும் அதே மண்டலத்தின் மற்ற இடங்களில் பலன் தெரியும் என்பது கொள்கை. விரல்களில் ரப்பர் வளையம் மாட்டுவது, துணி உலர்த்தும் கிளிப்பைக் கவ்வவிடுவது, உலோகச் சீப்பின் பற்களை உள்ளங்கையில் அழுத்திப் பிடிப்பது என்று அவர் பயன்படுத்திய கருவிகள் எல்லாம் அன்றாட வீட்டுச் சாமான்களே. எட்வின் பவர்ஸ் என்ற மருத்துவ எழுத்தாளர் 1915இல் ஓர் அமெரிக்கப் பொதுஜன இதழில், பல்வலிக்குக் கால்விரலை அழுத்திப் பாருங்கள் என்று எழுதியபோது இந்தக் கொள்கை ஊருக்குத் தெரிந்தது. 1917இல் இருவரும் சேர்ந்து மண்டலச் சிகிச்சை பற்றிய நூலை வெளியிட்டார்கள். அந்த நூலில் பாதத்துக்குத் தனி முக்கியத்துவம் கிடையாது.

பாதத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் யூனிஸ் இங்ஹம் (1889–1974). ஃபுளோரிடாவில் ஜோ ஷெல்பி ரைலி என்ற மருத்துவரிடம் 1930களின் தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவர். நோயாளிகளின் பாதங்களைத் தடவி, எங்கே தொட்டால் வலிக்கிறது, அவருக்கு உடம்பில் எங்கே கோளாறு என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, உள்ளங்காலில் உறுப்புகளின் படத்தை உருவாக்கினார். ஃபிட்ஸ்ஜெரால்டின் நோக்கம் வலியை மரத்துப்போகச் செய்வது. இங்ஹமின் நோக்கம் உறுப்பைத் தூண்டிவிடுவது. இரண்டும் எதிரெதிர்க் கொள்கைகள். ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று தங்குதடையின்றிப் பிறந்தது. 1938இல் தன் முதல் புத்தகத்தை எழுதி, பல ஆண்டுகள் அமெரிக்கா முழுவதும் ஊர் ஊராகச் சென்று கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவி டோரீன் பெய்லி 1960களில் பிரிட்டனுக்கும், ஹானெ மார்க்வார்ட் ஜெர்மனிக்கும் இதைக் கொண்டுபோனார்கள். தைவானில் ஊழியம் செய்த சுவிஸ் பாதிரியார் ஜோசஃப் யூக்ஸ்டர் மூலம் கிழக்காசியாவில் இன்னொரு கிளை தழைத்தது. அது வலிக்க வலிக்க, விரல்முட்டியை மடக்கி அழுத்துகிற முறை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடைத்தெருப் பாதமசாஜ் நிலையங்களுக்குப் போய் வந்த தமிழர்கள் பற்களைக் கடித்துக்கொண்டு அனுபவித்தது பெரும்பாலும் இந்தக் கிழக்காசிய முறையைத்தான். ஐரோப்பிய மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது மென்மையான கிளை. இரண்டும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு நேரெதிராகத் தொடுகின்றன.

படத்துக்கு வருவோம். உள்ளங்காலின் தொடுஉணர்வு கணுக்காலின் உட்புறம் ஓடும் டிபியல் நரம்பில் சேர்ந்து, முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குரிய தண்டுவட மட்டங்களுக்குப் போகிறது. இதயத்தின் வலியுணர்வு மேல்மார்பு மட்டங்களில் வந்து சேர்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு இடது தோளும் கையும் வலிப்பதற்குக் காரணம், அந்த மட்டங்களில் இரண்டிடத்துச் செய்திகளும் கலப்பதுதான். உள்ளுறுப்பு நோயின் வலி தோலில் எந்தெந்த இடங்களில் தெரியும் என்பதை லண்டன் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் 1893இலேயே வரைந்து காட்டினார். ஆகவே ஓர் உறுப்பின் துன்பம் உடம்பின் வேறிடத்தில் தெரியலாம் என்பதில் பிழையில்லை. ஆனால் அந்த வழிகளைத் தண்டுவடம் வகுத்திருக்கிறது. பெருவிரல் நுனிக்கும் மூளைக்கும், நடுப்பாதத்துக்கும் கல்லீரலுக்கும் தனிப்பட்ட கம்பி எதையும் உடற்கூறியல் காணவில்லை. பாதத்தில் மணல்போல நெருடுவது யூரிக் அமிலப் படிகம், அதை நொறுக்கினால் உறுப்பு சீராகும் என்றும் சொல்வார்கள், அதற்கும் ஆதாரமில்லை. போதாக்குறைக்கு, பள்ளிக்குப் பள்ளி படம் மாறுகிறது. இதயம் இடது பாதத்தில் மட்டும் என்பார் ஒருவர், இரண்டிலும் உண்டு என்பார் மற்றவர்.

படத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்து 2000இல் வெளிவந்தது. குறிப்பிட்ட ஆறு நோய்களில் ஒன்றோ பலவோ உள்ள 18 பேரை இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட்டுகள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். யாருக்கு என்ன நோய் என்பது அவர்களுக்குத் தெரியாது. பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்து அவர்கள் சொன்னது உண்மையோடும் பொருந்தவில்லை, ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடும் பொருந்தவில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக இதை ஏற்க முடியாது என்பது ஆய்வாளர்களின் முடிவு. சிறிய ஆய்வுதான். ஆனால் இருவரும் ஒரே பாதத்தில் வேறு வேறு நோயைப் படிக்கிறார்கள் என்றால், அங்கே எழுதியிருப்பது நோய்தானா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

மறுபக்கத்திலும் சில கண்டுபிடிப்புகள் உண்டு. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 1999இல் ஆரோக்கியமான 32 இளைஞர்களிடம் செய்த சோதனையில், சிறுநீரகத்துக்குரியதாகச் சொல்லப்படும் இடத்தை அழுத்தியபோது சிறுநீரக ரத்தக்குழாய்களின் தடை குறைந்ததாக டாப்ளர் ஸ்கேன் காட்டியது. வேறிடத்தை அழுத்தியவர்களிடம் அந்த அளவு மாற்றமில்லை. சுவாரசியமான முடிவு. ஆனால் ஆரோக்கியமானவரின் ரத்த ஓட்டம் சில நிமிடங்களுக்குச் சற்று மாறியது என்பதற்கும், நோயுற்ற சிறுநீரகம் தேறும் என்பதற்கும் நடுவே மலையளவு தூரம் இருக்கிறது. 

அந்தத் தூரத்தை எப்படிக் கடக்க வேண்டும் என்பதற்குப் பாதத்தின் அருகிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. அடிக்கடி சிறுநீர் முட்டி, அடக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களுக்கு இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளில் ஒரு சிகிச்சை தருகிறார்கள். கணுக்காலின் உட்புறம், எலும்பு முண்டுக்கு மூன்று விரற்கடை மேலே மெல்லிய ஊசியைச் செருகி, டிபியல் நரம்பில் லேசான மின்துடிப்பைச் செலுத்துவார்கள். வாரம் ஒருமுறை, 30 நிமிடம், 12 வாரம். அந்த நரம்பு புறப்படும் தண்டுவட மட்டங்களும் சிறுநீர்ப்பையை ஆளும் மட்டங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதனால் காலில் தரும் துடிப்பு சிறுநீர்ப்பையைச் சாந்தப்படுத்துகிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 220 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சையும் மறுபாதிக்கு அச்சாக அதேபோன்ற போலிச் சிகிச்சையும் தந்தார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் உண்மையில் 54.5%, போலியில் 20.9%. காலுக்கும் உள்ளுறுப்புக்கும் தொடர்பு என்ற எண்ணத்தை அறிவியல் முன்கூட்டியே வெறுத்து ஒதுக்கவில்லை என்பதற்கு இது சாட்சி. நரம்பு இது, மட்டம் இது, போலியோடு ஒப்பிட்ட வித்தியாசம் இவ்வளவு என்று காட்டினார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் இது கட்டைவிரல் அழுத்தம் இல்லை, ஊசியும் மின்சாரமும் என்பதை மறந்துவிட்டு, பார்த்தீர்களா படம் உண்மை என்று இதைத் தூக்கிப் பிடிப்பது சரியல்ல.

இனி நோயாளிகளிடம் நடந்த சோதனைகள். தொடக்கத்தில் பெரிய நம்பிக்கை ஊட்டியது 1993இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் உள்ள 35 பெண்களில் ஒரு பிரிவினருக்குக் காது, கை, பாதம் மூன்றிலும் சரியான இடங்களில் ரிஃப்ளெக்ஸாலஜி செய்தார்கள்; மற்றப் பிரிவினருக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் போலி. உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் தொல்லைகள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் போலிச் சிகிச்சையை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்: ஒன்று மிக லேசாக, அல்லது முரட்டுத்தனமாக. அப்படியானால் வென்றது சரியான இடமா, இதமான தொடுகையா? அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

போலியையும் இதமாகச் செய்த ஆய்வுகளில் பதில் கிடைக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருந்த 76 பெண்களில் ஒரு பாதிக்கு ரிஃப்ளெக்ஸாலஜியும் மறுபாதிக்குச் சாதாரணப் பாதமசாஜும் செய்து பிரிட்டனில் 2002இல் வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்கும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. பிரிவுகளுக்கு இடையே வித்தியாசமில்லை. முற்றிய புற்றுநோயாளிகளிடம் அதே ஆண்டு வெளியான ஒரு சிறிய முன்னோட்ட ஆய்விலும் இதே கதை. ரிஃப்ளெக்ஸாலஜியைப் பெரிதும் விரும்பும் டென்மார்க்கில் 40 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நுரையீரலின் செயல்பாட்டில் உண்மைச் சிகிச்சைக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை. எட்ஸார்ட் எர்ன்ஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் 2011இல் 23 சோதனைகளைத் தொகுத்தபோது 8 ஆதரவாகவும் 14 எதிராகவும் இருந்தன, ஒன்று தெளிவில்லை. எந்த நோயையும் ரிஃப்ளெக்ஸாலஜி குணப்படுத்துவதாக நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்று அவர்கள் எழுதினார்கள். ஆஸ்திரேலிய அரசு இயற்கைச் சிகிச்சைகளை மறுஆய்வு செய்த பிறகு, 2019 ஏப்ரல் முதல் ரிஃப்ளெக்ஸாலஜி உள்ளிட்ட பலவற்றைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கியது.

இந்த முடிவுகளைப் படிக்கிறவர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ரிஃப்ளெக்ஸாலஜி போலியைவிட மேல் இல்லை, ஆகவே உபயோகமில்லை என்பது முதல் வாசிப்பு. இடம் முக்கியமில்லை, தொடுகை முக்கியம் என்பது இரண்டாவது. முதல் வாசிப்பு மாத்திரையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. சர்க்கரை மாத்திரையில் மருந்து இருக்காது. ஆனால் அரைமணி நேரம் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவதில் எதுவுமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? போலி என்று பெயர் வைத்ததாலேயே அது வெறுமையாகிவிடாது. இந்தத் துறையின் ஆராய்ச்சிக்கே உள்ள பெரிய சிக்கல் இது. இன்னொன்றும் உண்டு. ஒப்பிட வசதியாக இருக்க வேண்டுமென்று ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே அழுத்தம், ஒரே நேரம் என்று கட்டிப்போடுகிறார்கள். ஆளுக்கேற்ப மாற்றுவதுதான் இந்த முறையின் உயிர் என்றால், அந்த உயிரை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறோம்.

ஆளுக்கேற்ற கவனிப்புக்குத் தனியாக ஒரு பலம் உண்டா என்பதை அளந்த நேர்த்தியான ஆய்வு அக்குபங்சரை வைத்து நடந்தது. ஹார்வர்டின் டெட் காப்சக்கும் சகாக்களும் 2008இல் வெளியிட்டது. குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வெறுமனே காத்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு உள்ளே குத்தாத போலி ஊசி, பேச்சு அதிகமில்லை. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் அதற்கு முன் 45 நிமிடம் சிகிச்சையாளர் பரிவோடு உட்கார்ந்து, நோய் எப்படி வந்தது, வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டறிந்தார். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28%, 44%, 62%. இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையே உள்ள 18 சதவீதப் புள்ளிகள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கேட்டதன் பலன். இந்தியாவில் முதல்நிலை மருத்துவரோடு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக 2 நிமிடத்தை ஒட்டியது என்று 67 நாடுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு எண் தேவைப்படாது. அந்த இரண்டு நிமிடத்தில் மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் முக்கால் மணி நேரம் தன்னைக் கேட்கவும் தொடவும் ஓர் ஆள் இருக்கிறார் என்றால் நோயாளி ஏன் அங்கே போகிறார் என்பதில் மர்மம் ஏதுமில்லை.

ஒரு சிறு ஊகத்தை இங்கே சேர்க்கிறேன். மெல்ல வருடும்போது இதத்தை உண்டாக்கும் தனிவகை நரம்பிழைகள் நம் தோலில் உண்டு. நொடிக்கு 3 சென்டிமீட்டர் போன்ற நிதான வேகத்துக்கு அவை மிக நன்றாக இணங்குகின்றன. ஆனால் அவை பெருமளவு ரோமமுள்ள தோலில்தான் இருக்கின்றன; உள்ளங்காலில் அல்ல. அப்படியானால் அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் புறங்காலையும் கணுக்காலையும் தடவித் தளர்த்துகிறார்களே, படத்தில் பெரிய இடம் பெறாத அந்த வருடல்தான் உடம்பை அதிகமாகத் தணிக்கிறதோ என்று தோன்றுகிறது. சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி.

புற்றுநோய்ச் சிகிச்சையில்தான் இந்த ஆராய்ச்சி முதிர்ந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியர் க்வென் வயட் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 385 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு ரிஃப்ளெக்ஸாலஜி, ஒரு பிரிவுக்குப் பயிற்சியில்லாதவர்கள் சாதாரணமாகப் பாதத்தைப் பிடித்துவிடுதல், ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். முடிவுகள் கலவையானவை. ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் மேம்பட்டது. ஆனால் வலி, பதற்றம், மனச்சோர்வு, குமட்டல் எதிலும் வித்தியாசமில்லை. களைப்போ, குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது சாதாரணமாகப் பிடித்துவிட்ட பிரிவில்தான்; ரிஃப்ளெக்ஸாலஜிப் பிரிவில் அந்த அளவு குறையவில்லை! யாருக்கும் தீங்கு நேரவில்லை. எதிர்பாராத முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டதோடு, அடுத்த ஆய்வை அதன் மீதே கட்டியதற்காக இந்தக் குழுவின் மீது எனக்கு மரியாதை உண்டு.

அடுத்த ஆய்வு 2017இல் வந்தது. பயிற்சியில்லாத கைகளுக்கும் பலன் உண்டு என்றால், தொழில்முறைச் சிகிச்சையாளர் எதற்கு, வீட்டு மனிதருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்பது அதன் கேள்வி. 256 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு கணவரோ மகளோ தோழியோ. ரிஃப்ளெக்ஸாலஜிப் பிரிவின் துணைவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தந்து, வாரம் ஒருமுறையாவது 30 நிமிடம் என்று நான்கு வாரம் செய்யச் சொன்னார்கள். அந்த வாரங்களில் நோய்க்குறிகளின் மொத்தக் கடுமை ஒப்பீட்டுப் பிரிவைவிடக் குறைவாக இருந்தது. நோய்க்குறிகள் அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பதும் குறைந்தது. 11ஆம் வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கை எடுத்தால் பலனும் போய்விடுகிறது. நோய் மாறவில்லை, நோயோடு கழிகிற வாரங்கள் சற்று இலகுவாகின்றன. முற்றிய புற்றுநோய் உள்ள ஒருவருக்கு நான்கு வாரம் என்பது சின்ன விஷயமில்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளை எடைபோட்டுத்தான் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து, கீமோ போன்ற சிகிச்சையின்போது வரும் வலிக்கு ரிஃப்ளெக்ஸாலஜியையோ அக்குபிரஷரையோ பரிந்துரைக்கலாம் என்று 2022இலும், சிகிச்சைக் காலப் பதற்றத்துக்கு ரிஃப்ளெக்ஸாலஜியைப் பரிசீலிக்கலாம் என்று 2023இலும் வழிகாட்டுதல்களில் சேர்த்தன. எல்லாம் மருந்துக்குத் துணையாக. மருந்துக்குப் பதிலாக அல்ல.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி யோசிக்கிறவர் முதலில் நினைக்க வேண்டியது நீரிழிவு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4%. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை ஏறியிருந்தவரின் கால் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. வலி தெரியாத கால், எவ்வளவு அழுத்தினாலும் போதும் என்று சொல்லாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளைப் பார்த்த பால் பிராண்ட், அவர்களின் விரல்களைத் தின்றது கிருமியல்ல, வலி தெரியாமல் தாங்களே படுத்திக்கொண்ட காயங்கள் என்று கண்டறிந்தார். அந்தப் பாடம் நீரிழிவுக் கால்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் நம் ஊரில் முள்முள்ளான ரப்பர் செருப்பும் மர உருளையும் அக்குபிரஷர் என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளுக்கே முதலில் விற்கப்படுகின்றன. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடக்கச் சொல்கிறார்கள். மரத்துப்போன காலோடு வெயில் ஏறிய கல்லில் நடந்தால் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டுப் பார்த்தால், உணர்வு இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நீரிழிவு உள்ளவரின் காலைத் தொடும் எவரும், எந்தப் பெயரில் தொட்டாலும், இந்தச் சோதனைக்குப் பிறகே தொட வேண்டும் என்று சட்டமே போடலாம் என்பேன். பொருளாதார வசதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த இழை விலை அதிகமான பொருள் அல்ல.

காலில் ரத்தக்கட்டி இருக்கிறவருக்கும் ஆபத்து உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பாதத்தைப் பார்த்து நோய் சொல்லும் ஆசை. உங்கள் இதயப் புள்ளியில் கோளாறு இல்லை என்ற வார்த்தையை நம்பி நெஞ்சுவலிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால், அந்த மென்மையான சிகிச்சை உயிரைப் பறித்ததாகிவிடும்.

மிச்சிகன் ஆய்வைப் படிக்கும்போது நம் அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய் வார்டுகள் நினைவுக்கு வராமல் இல்லை. அமெரிக்காவில் துணைவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கே ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவோ அண்ணியோ மகனோ. என்ன செய்வதென்று தெரியாமல், சும்மா இருக்கவும் மனமில்லாமல், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தானாகவே காலைப் பிடித்துவிடுகிறவர்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். தாத்தா பாட்டிக்குக் கால் பிடித்து வளர்ந்த கைகள் அவை. தனியாகப் பழக்க வேண்டிய கூச்சம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு உறுப்புப் படம் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம், எவ்வளவு அழுத்தம், எங்கே நிறுத்துவது, கேட்டுக் கேட்டுச் செய்வது எப்படி என்று ஒரு செவிலியர் ஒரு மதிய நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மிச்சிகனில் அளந்ததுபோலவே களைப்பையும் மூச்சுத்திணறலையும் வாரா வாரம் குறித்துவைத்தால் நம் வார்டுகளில் பலன் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். எந்தெந்த நாளில் தொடக் கூடாது என்பதையும் அதே செவிலியர் சொல்லித்தர வேண்டும்: தட்டணு குறைந்த நாள், கெண்டைக்கால் வீங்கிய நாள், காய்ச்சல் அடிக்கிற நாள், வேண்டாம் என்று நோயாளி சொல்கிற நாள்.